சிகரத்திற்கு வழியமைப்போர்: ஷெர்ப்பாக்களின் மலையேற்றத் திறன்

ஜொகூர் மாநிலத்தின் பாலோவில் வாழ்வோருக்கு மலை என்றதும் நினைவிற்கு வருவது குனோங் லேடாங் ஆகும். மாநிலத்திலேயே உயர்ந்த அம்மலை 1,276 மீட்டர் உயரமுடையது. எவரெஸ்டின் அடிவார முகாமோ ஏறத்தாழ 5,300 மீட்டர் உயரத்தில் உள்ளது. 1997 மே 23ஆம் நாள், மலேசிய இந்தியர்களான மகேந்திரனும் மோகனதாஸும் எவரெஸ்ட் உச்சியை அடைந்தனர். அங்குக் கால்பதித்த முதல் மலேசியர்கள் அவர்களே. அவ்வெற்றியைப் போற்றும் நாம், அதற்குத் துணைநின்ற ஷெர்ப்பாக்களின் திறனையும் அறிதல் வேண்டும்.

எவரெஸ்ட் உச்சியில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே. தலைமுறைகளாக உயர்நிலத்தில் வாழும் ஷெர்ப்பாக்களின் உயிரணுக்கள் குறைந்த உயிர்வளியைத் திறம்படப் பயன்படுத்துவதை 2017இல் வெளிவந்த ஆய்வொன்று காட்டியது. எனினும், உடலமைப்பு மட்டுமே திறனாகிவிடாது. கும்பு பனியருவியில் ஏணிகளும் கயிறுகளும் பொருத்திப் பிறருக்கு முன்னரே வழியமைப்பது, நீண்ட பயிற்சியால் வரும் அறிவாகும். அதன் விலையும் பெரிது. 2014 ஏப்ரல் 18இல் அங்கு நேர்ந்த பனிச்சரிவில் 16 நேபாளப் பணியாளர்கள் மாண்டனர்.

2023 மே 18இல், உச்சிக்கு அருகே குளிரில் நடுங்கிக் கயிற்றைப் பற்றிக் கிடந்த மலேசியர் ஒருவரைக் கெல்ஜே ஷெர்ப்பா கண்டார். தாம் வழிநடத்தி வந்தவரைச் சிகர முயற்சியைக் கைவிடச் செய்தார். பின்னர் அம்மலேசியரைச் சுமந்தும் இழுத்தும், ஏறத்தாழ 6 மணி நேரத்தில் 600 மீட்டர் கீழே இறக்கினார். அவர் உயிர் பிழைத்தார்.

உச்சியை அடைந்தோரோடு, வழியமைத்தோரையும் பதிவு செய்யும்போதே நம் மலையேற்ற வரலாறு முழுமை பெறும்.