மீட்கப்பட்ட பன்றி எங்கே போகும்? கிள்ளான் பள்ளத்தாக்கில் ஒரு சரணாலயம் ஏன் இவ்வளவு கஷ்டம்?

கிள்ளானில் 'பன்றி' என்றதும் பலருக்கு முதலில் ஞாபகம் வருவது பக்குத்தே. 2024 பிப்ரவரியில் அது தேசியப் பாரம்பரிய உணவுப் பட்டியலிலும் சேர்ந்துவிட்டது. பிரிக்பீல்ட்ஸ் பக்கம் கேட்டால், "பன்றி வறுவல் எங்கே நல்லா இருக்கும்?" என்று ஒருவர் ஆரம்பிப்பார். பக்கத்தில் இருப்பவர், "எங்க வீட்டுல அதைத் தொடவே மாட்டோம்" என்பார். ஆக, நம்மில் பலருக்கு பன்றி என்பது சாப்பிடுகிற ஒன்று, இல்லையென்றால் சாப்பிடக் கூடாத ஒன்று.

ஆனால் கைப்பேசியைத் திறந்தால் வேறு ஒரு பன்றி தெரிகிறது. புல்வெளியில் படுத்திருக்கிறது, வயிற்றைத் தடவிக் கொடுத்தால் கண்ணை மூடிக்கொள்கிறது, பேர் சொல்லிக் கூப்பிட்டால் ஓடி வருகிறது. இறைச்சிக் கூடத்துக்குப் போக வேண்டிய பன்றியை மீட்டு வளர்க்கும் சரணாலயங்களின் வீடியோக்கள் அவை. பார்த்ததும், "இதை நம்ம ஊர்லயும் செய்யலாமே?" என்று தோன்றுவது இயல்புதான்.

செய்யலாமா? சுருக்கமாகச் சொன்னால், மீட்பது ஒரு நாள் வேலை, அதற்கப்புறம் 15 வருட வேலை இருக்கிறது. மலேசியாவில் அந்த 15 வருடத்துக்கு நடுவே நோய், சட்டம், அக்கம்பக்கம் என்று மூன்று பெரிய கேள்விகள் நிற்கின்றன. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

பண்ணை விலங்குச் சரணாலயம் என்றால் என்ன?

அம்பாங்கில் இருக்கும் எஸ்பிசிஏ சிலாங்கூர் போன்ற காப்பகங்கள் நமக்குத் தெரியும். அங்கே பெரும்பாலும் நாய், பூனைதான். மீட்ட விலங்கை நல்ல வீட்டுக்குத் தத்துக் கொடுப்பதுதான் அவற்றின் நோக்கம்.

சரணாலயம் அப்படியில்லை. அங்கே வரும் மாடு, ஆடு, கோழி, பன்றி சாகும்வரை அங்கேயே இருக்கும். இனப்பெருக்கம் கிடையாது, விற்பனை கிடையாது. நம் ஆட்களுக்குப் புரிகிற மாதிரிச் சொல்லணும்னா, வயதான மாடுகளைக் காக்கும் கோசாலையை மற்ற பண்ணை விலங்குகளுக்கும் விரித்தது போல.

இந்த இயக்கத்தின் தொடக்கமாகப் பலரும் குறிப்பிடும் சம்பவம் 1986-ல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் நடந்தது. லங்காஸ்டர் கால்நடைச் சந்தையில் செத்த விலங்குகளைக் குவித்து வைத்திருந்த இடத்தில் ஓர் ஆடு உயிரோடு கிடந்ததை ஜீன் பார், லோரி என்ற இருவர் பார்த்தார்கள். மருத்துவரிடம் கொண்டுபோனதும் அது எழுந்து நின்றது. ஹில்டா என்று பெயர் வைத்தார்கள். அதற்குப் பிறகு பத்து வருடத்துக்கும் மேல் அது வாழ்ந்தது. அவர்கள் தொடங்கிய 'ஃபார்ம் சாங்சுவரி' இன்றும் நியூயார்க் மாநிலத்தில் இயங்குகிறது.

6 மாதமா, 15 வருடமா?

இறைச்சிக்காக வளர்க்கப்படும் பன்றி ஏறக்குறைய 6 மாதத்தில், 100 கிலோவைத் தாண்டும்போது வெட்டப்படுகிறது. விட்டுவிட்டால் அது 15 வருடம் வரைக்கும், சில சமயம் அதற்கு மேலும் வாழக்கூடியது.

சீனாவில் இதற்கு ஒரு பிரபலமான சாட்சி உண்டு. 2008 மே 12-ல் சிச்சுவானைத் தாக்கிய நிலநடுக்கத்தில் ஒரு பன்றி இடிபாட்டுக்குள் சிக்கியது. 36 நாள் கழித்து உயிரோடு வெளியே எடுத்தார்கள். செங்டு அருகே உள்ள ஜியான்சுவான் அருங்காட்சியகம் 3,008 யுவான் கொடுத்து அதை வாங்கியது. 'மன உறுதி கொண்ட பன்றி' என்று அர்த்தம் வரும்படி சூ ஜியான்சியாங் என்று பெயர் வைத்தார்கள். 2021 ஜூனில் வயதாகித்தான் அது இறந்தது. அப்போது அதற்கு 14 வயது.

பிரச்சினை என்னவென்றால், பண்ணைப் பன்றியின் உடல் 14 வருடம் வாழ்வதற்காக உருவாக்கப்பட்டதல்ல. சீக்கிரம் எடை போடுவதற்காகவே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட இனங்கள் அவை. வயது ஏற ஏற 250, 300 கிலோ வரை போகும். அந்தப் பாரத்தைக் கால்கள் தாங்காது. மூட்டு வலி வரும், குளம்பு வளர்ந்து நடக்க முடியாமல் போகும். அதனால் சரணாலயங்களில் தீனியை அளந்துதான் போடுகிறார்கள்.

அளந்து போட்டாலும் எவ்வளவு தெரியுமா? ஒரு நாளைக்கு 2 கிலோ என்றே வைத்துக்கொள்வோம். வருடத்துக்கு 730 கிலோ. 15 வருடத்தில் கிட்டத்தட்ட 11 டன். ஒரே ஒரு பன்றிக்கு!

அதில் ஒன்றை மட்டும் மீட்டு வளர்க்கவும் முடியாது. பன்றி கூட்டமாகத்தான் வரும் என்று 'சிவாஜி' படத்தில் ரஜினி கிண்டலாகச் சொல்வார். அது உண்மையும்கூட. பன்றி துணையோடு வாழும் விலங்கு, தனியாக விட்டால் வாடிவிடும். ஆக, குறைந்தது இரண்டு.

சேறு, அழுக்கு, அறிவு: எது உண்மை?

பன்றியோடு சேர்ந்த கன்றும் மலம் தின்னும் என்று நம்மிடம் பழமொழியே இருக்கிறது. ஆனால் இடம் கொடுத்தால் பன்றி படுக்கிற இடத்தையும் கழிக்கிற இடத்தையும் தனித்தனியாக வைத்துக்கொள்ளும். சேற்றில் புரள்வதற்கும் காரணம் இருக்கிறது. உடலைக் குளிர்விக்கும் அளவுக்குப் பன்றிக்கு வியர்க்காது. நம் ஊர் வெயிலில் சேறுதான் அதற்கு ஏர்கான். வெள்ளைத் தோல் பன்றி வெயிலில் வெந்தும் போகும், அப்போது சேறே பாதுகாப்புப் பூச்சாகவும் ஆகிறது.

அறிவு விஷயத்தில் 2021-ல் வெளியான ஓர் ஆய்வு உலகம் முழுக்கப் பேசப்பட்டது. அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கேண்டஸ் குரோனி வெளியிட்டது. ஹாம்லெட், ஆம்லெட், எபனி, ஐவரி என்ற நான்கு பன்றிகளுக்கு, மூக்கால் ஜாய்ஸ்டிக்கை நகர்த்தித் திரையில் உள்ள புள்ளியை இலக்குக்குக் கொண்டுபோகப் பழக்கினார்கள். நான்குமே தற்செயலுக்கு மேலான அளவில் அதைச் செய்துகாட்டின.

இவ்வளவு அறிவுள்ள விலங்கைச் சும்மா அடைத்து வைத்தால் என்ன ஆகும்? வேலியைத் தோண்டும், கதவைத் திறக்கப் பழகும். சரணாலயத்துக்கு நிலம் நிறைய தேவைப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

'மினி' பன்றி வாங்கினவர்களுக்கு என்ன ஆச்சு?

கனடாவில் 2012-ல் ஸ்டீவ் ஜென்கின்ஸ் என்பவருக்கு ஒரு 'மினி' பன்றிக்குட்டி கிடைத்தது. பெரிதாக வளராது என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். எஸ்தர் என்ற அந்தக் குட்டி வளர்ந்து வளர்ந்து சுமார் 295 கிலோவில் போய் நின்றது. உண்மையில் அது சாதாரணப் பண்ணைப் பன்றி.

ஸ்டீவும் அவருடைய துணைவர் டெரெக் வால்டரும் எஸ்தரை விட்டுவிடவில்லை. இணையத்தில் நிதி திரட்டி, 2014-ல் ஒன்டாரியோவில் ஒரு பண்ணை வாங்கிச் சரணாலயம் தொடங்கினார்கள். பிறகு எஸ்தருக்கு உடம்பு சரியில்லாமல் போனபோது, அதன் உடல் அளவுக்குப் பொருந்தும் சிடி ஸ்கேனருக்கே தனியாக நிதி திரட்ட வேண்டியிருந்தது. 2023 அக்டோபரில் எஸ்தர் இறந்தது.

உலகப் புகழ் பெற்ற பன்றிக்கே இந்த நிலை. நம் ஊர் கிளினிக்குகளில் பெரும்பாலும் நாய், பூனைதான் பார்க்கிறார்கள். 250 கிலோ பன்றிக்கு மயக்க மருந்து கொடுக்க யாரைக் கூப்பிடுவது என்பதை முதல் நாளே யோசித்து வைக்க வேண்டும்.

மலேசியாவில் மட்டும் ஏன் கூடுதல் கஷ்டம்?

முதல் காரணம், நிப்பா. 1998 கடைசியிலும் 1999-லும் பேராவில் தொடங்கி நெகிரி செம்பிலான் வரை பன்றிப் பண்ணைகள் வழியாக ஒரு மூளைக்காய்ச்சல் பரவியது. முதலில் கொசுவால் வரும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்றே நினைத்தார்கள். கொசு மருந்து அடித்தும் நிற்கவில்லை. 1999 மார்ச்சில் மலாயா பல்கலைக்கழகத்தில் டாக்டர் சுவா காவ் பிங் புதிய வைரஸைக் கண்டுபிடித்தார். போர்ட்டிக்சன் அருகே உள்ள சுங்கை நிப்பா கிராமத்தின் பெயரே அதற்கு வைக்கப்பட்டது.

மலேசியாவில் 265 பேர் பாதிக்கப்பட்டார்கள், 105 பேர் இறந்தார்கள். பத்து லட்சம் பன்றிகள் வரை கொல்லப்பட்டன. பல குடும்பங்களின் தொழிலே அழிந்தது.

இதில் சரணாலயம் நடத்த நினைப்பவர்களுக்கு நேரடியான பாடம் ஒன்று உண்டு. பண்ணைகளில் பன்றிக் கொட்டகையை ஒட்டியே பழமரங்கள் இருந்தன. பழந்தின்னி வௌவால் கடித்துப் போட்ட பழத்தைப் பன்றி தின்றது, அப்படித்தான் வைரஸ் வௌவாலிடமிருந்து பன்றிக்கும், பன்றியிடமிருந்து மனிதனுக்கும் வந்தது என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். ஆக, மாமர நிழலில் பன்றி படுத்திருக்கும் அந்த அழகான காட்சி, வீடியோவுக்கு நல்லா இருக்கும். நம் நாட்டில் அதைத்தான் முதலில் தவிர்க்க வேண்டும்.

இரண்டாவது, ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல். 2021 பிப்ரவரியில் சபாவில் உறுதியானது, பிறகு தீபகற்பத்துக்கும் வந்தது. மனிதருக்கு இது தொற்றாது. ஆனால் தொற்றிய பன்றி பிழைப்பது அரிது. காலணி, லாரி டயர், உணவு மிச்சம் எதிலும் ஒட்டிக்கொண்டு பரவும்.

அதனால், "ரெஸ்டோரன்ட்ல மிஞ்சினதை வாங்கிப் போட்டா செலவு குறையுமே" என்ற யோசனையும் இங்கே ஆபத்து. பார்வையாளர்களை வரவழைத்து நன்கொடை திரட்டுவதும் அவ்வளவு எளிதில்லை. வருகிற ஒவ்வொரு காலணியும் ஒரு சந்தேகம்தான்.

மூன்றாவது, அக்கம்பக்கம். பன்றி வளர்ப்பு மாநில அரசின் கட்டுப்பாட்டில் வருகிறது. எங்கே வேண்டுமானாலும் கொட்டகை போட முடியாது. சிலாங்கூரில் பன்றிப் பண்ணைகள் கோலலங்காட் மாவட்டத்தின் தஞ்சோங் சிப்பாட் பகுதியில்தான் அதிகம். நாற்றம், ஆற்று நீர் பற்றிய புகார்கள் பழையவை. முஸ்லிம் அண்டை வீட்டாருக்கு இது மதத்தோடு சம்பந்தப்பட்ட விஷயம். இதையெல்லாம் பேசித் தீர்க்காமல் வேலி மட்டும் போட்டால் அந்தச் சரணாலயம் நிலைக்காது.

சரணாலயத்துக்குள்ளேயே நோய் வந்தால்?

இத்தாலியில் அது நடந்தது. பாவியா அருகே சைரானோ கிராமத்தில் 'குவோரி லிபெரி' என்ற சரணாலயம். 2023 செப்டம்பரில் அங்கே ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் வந்து பல பன்றிகள் இறந்தன. மீதியைக் கொல்ல அதிகாரிகள் உத்தரவிட்டார்கள். ஆர்வலர்கள் வாசலில் உட்கார்ந்து தடுத்தார்கள். செப்டம்பர் 20-ம் தேதி காவல்துறை அவர்களை அப்புறப்படுத்தியது. மிச்சமிருந்த பன்றிகள் அன்றே கொல்லப்பட்டன.

அதிகாரிகள் தரப்பு வாதம்: அந்த வட்டாரம் முழுக்கப் பன்றிப் பண்ணைகள், ஓர் இடத்தில் விட்டால் ஆயிரக்கணக்கில் போகும். சரணாலயம் தரப்பு வாதம்: இந்தப் பன்றிகள் யார் தட்டுக்கும் போகப் போவதில்லை, தனிமைப்படுத்தி வைத்தால் போதும். இரண்டிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் நோய்த் தடுப்புச் சட்டம், பேர் வைத்த பன்றி, எண் போட்ட பன்றி என்று பிரித்துப் பார்க்கவில்லை.

மலேசியாவிலும் 1953-ம் ஆண்டு விலங்குகள் சட்டம், நோய் பரவும்போது விலங்குகளின் நடமாட்டத்தைத் தடுக்கவும் அவற்றை அழிக்கவும் கால்நடைச் சேவைத் துறைக்கு அதிகாரம் தருகிறது. இங்கே சரணாலயம் தொடங்க நினைப்பவர் இந்தக் கேள்விக்குப் பதில் வைத்துக்கொண்டுதான் தொடங்க வேண்டும்.

அப்படியென்றால் பன்றிக்குச் சட்டப் பாதுகாப்பே இல்லையா?

இருக்கிறது. 2015-ம் ஆண்டு விலங்குகள் நலச் சட்டம் நாய், பூனைக்கு மட்டும் இல்லை. விலங்கைக் கொடுமைப்படுத்தினால் 20,000 முதல் 100,000 ரிங்கிட் வரை அபராதம், 3 ஆண்டுக்கு மேற்போகாத சிறை, அல்லது இரண்டும் விதிக்கலாம். காட்டுப்பன்றி 2010-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகிறது; உரிமம் இல்லாமல் வேட்டையாட முடியாது.

நீங்கள் என்ன செய்யலாம்?

• புக்கிட் கியாரா மாதிரி இடத்தில் கோடு போட்ட காட்டுப்பன்றிக் குட்டியைப் பார்த்தால் தூக்காதீங்க. தாய் பக்கத்தில்தான் இருக்கும். குட்டி ஆபத்தில் இருந்தால் பெர்ஹிலித்தானுக்குச் சொல்லுங்கள்.

• சாலையில் அடிபட்ட பண்ணைப் பன்றியை உங்கள் காரில் ஏற்றாதீர்கள். இரக்கத்தில் செய்தாலும் நோயை இடம் மாற்றிவிடலாம். மாவட்டக் கால்நடைச் சேவைத் துறை அலுவலகத்தை அழையுங்கள்.

• செத்துக் கிடக்கும் பன்றியைத் தொடாமல் தகவல் மட்டும் கொடுங்கள்.

• 'மினி' என்று சொல்லி விற்கும் குட்டியை வாங்காதீர்கள். எஸ்தர் கதையை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

• ஏதாவது சரணாலயத்துக்குப் பணம் கொடுக்கும் முன் கேளுங்கள்: அனுமதி இருக்கிறதா? பன்றி பார்க்கும் மருத்துவர் யார்? நோய் வந்தால் என்ன திட்டம்? குட்டி போட்டு விற்கிறார்களா? கடைசிக் கேள்விக்கு 'ஆமாம்' என்றால் அது சரணாலயமே இல்லை.

இன்று மீட்கப்படும் ஒரு பன்றிக்குட்டி 15 வருடம் கழித்தும் உயிரோடு இருக்கலாம். உங்களுக்கு இப்போது 20 வயது என்றால், அப்போது 35. வேலை மாறியிருக்கும், ஊர் மாறியிருக்கும். அன்றைக்குக் காலையிலும் அந்தப் பன்றிக்கு 2 கிலோ தீனி போட ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் யார் என்பதை முடிவு செய்துவிட்டு மீட்கப் போவதுதான் அதற்கு நாம் செய்யக்கூடிய நல்லது.