ஃபார்மேட் போடும் முன்

கணினி திறக்கவில்லை என்று திருச்சி சத்திரம் பேருந்து நிலையத்திலிருந்து ஸ்ரீரங்கம் வரை எந்தக் கடையில் கொடுத்தாலும் பெரும்பாலும் கிடைக்கும் பதில் ஒன்றுதான்: “ஃபார்மேட் போட்டுடலாம் சார்.” மாலைக்குள் கணினி ஓடிவிடும். ஆனால் என்ன கோளாறு, ஏன் வந்தது என்பதற்கான தடயமும் கோப்புகளோடு சேர்ந்து அழிந்துபோகும். கடைக்காரருக்கு நேரம்தான் காசு. அவரைக் குறை சொல்ல முடியாது. வகுப்பறையும் அதையே பாடமாக்கினால்தான் எனக்கு வருத்தம்.

ஃபார்மேட் தேவைப்படாத ஒரு கோளாறைப் பாருங்கள். 2011 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசு விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியது. அந்த மடிக்கணினிகளில் விண்டோஸோடு, டெபியனை அடிப்படையாக வைத்து மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய ‘பாஸ்’ லினக்ஸும் இருந்தது. பொத்தானை அழுத்தியதும் எது வேண்டும் என்று ஒரு பட்டியல் கேட்கும். விண்டோஸ் கெட்டுப்போய், அதை மட்டும் அதன் பகுதியில் மறுபடி நிறுவினால் பட்டியல் காணாமல் போய்விடும். பாஸும் அழிந்துவிட்டது என்று நினைக்கத் தோன்றும். ஆனால் பாஸின் கோப்பு ஒன்றுகூடத் தொலைந்திருக்காது.

அப்படியானால் போனது எது? அந்தக் காலத்து வன்தட்டின் முதல் துண்டு வெறும் 512 பைட். அதில் கடைசி 2 பைட் அடையாள முத்திரை. அதற்கு முந்தைய 64 பைட், தட்டு எப்படிப் பிரிக்கப்பட்டிருக்கிறது என்று சொல்லும் அட்டவணை. மிச்சமுள்ள 446 பைட்தான் தொடக்க நிரலுக்கு. இன்று இணையத்தில் புழங்கும் யூடிஎஃப்-8 முறையில் ‘தமிழ்’ என்ற சொல்லுக்கு 15 பைட் வேண்டும். அதை முப்பது முறை எழுதக்கூட அந்த இடம் போதாது. அவ்வளவு சின்ன இடத்தில் உட்கார்ந்திருக்கும் கட்டளைகள்தான் அடுத்த நிரலைத் தேடிப் பிடித்து எழுப்பி, இவ்வளவு பெரிய இயங்குதளத்தையே நடக்கவைக்கின்றன. விண்டோஸ் நிறுவும்போது தன் நிரலை அங்கே எழுதிவிடுகிறது. பக்கத்தில் லினக்ஸ் இருப்பதை அது கண்டுகொள்வதில்லை. பென் டிரைவிலிருந்து லினக்ஸை ஓடவைத்து, பழைய பாஸ் பகுதியை இணைத்து, ‘கிரப்’ என்ற தொடக்க நிரலை மட்டும் திரும்ப எழுதினால் பட்டியல் வந்துவிடும். சில நிமிட வேலை. (இன்றைய யூஇஎஃப்ஐ கணினிகளில் இந்த நிரல்கள் தனிப் பகுதியில் கோப்புகளாகவே இருக்கின்றன, பல நேரங்களில் வரிசையை மாற்றினாலே போதும்.)

இந்த அறிவு எங்கிருந்து வருகிறது? கணினி எப்படி விழிக்கிறது என்பதைப் படிப்படியாகத் தெரிந்துகொள்வதிலிருந்து. ஸ்ரீரங்கம் கோயிலின் ராஜகோபுரம் வழியாக வந்த ஒருவர் உள்ளே ரங்கா ரங்கா கோபுரத்தடியில் நிற்கிறார் என்றால், அதுவரைக்கும் உள்ள வாசல்கள் திறந்திருந்தன என்று கேட்காமலே தெரிந்துவிடும். கணினியும் அப்படித்தான். முதலில் மின்சாரம், பிறகு தாய்ப்பலகையிலுள்ள பயோஸ், அது செய்யும் சோதனை, வன்தட்டு, கிரப், கெர்னல், கோப்பு முறைமை, பின்னணிச் சேவைகள், கடைசியாக நமக்குத் தெரிகிற திரை. கிரப் பட்டியல் வந்துவிட்டதா? மின்சாரமும் ரேமும் திரையும் வன்தட்டும் ஓரளவாவது வேலை செய்கின்றன. இனி ரேமைக் கழற்றித் துடைப்பதிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. உயிரில்லாததுபோல் நிற்கும் கணினி இவ்வளவையும் சொல்லிவிடுகிறது என்பது எனக்கு இன்றைக்கும் வியப்புதான்.

இதைக் கற்றுக்கொடுக்க நல்ல வழி, ஆசிரியரே வேண்டுமென்று கெடுத்துவைப்பது. மெய்நிகர் கணினி ஒன்றை உருவாக்கி, நல்ல நிலையில் ஒரு நகல் எடுத்து வைத்துக்கொண்டால் எத்தனை முறை கெடுத்தாலும் நஷ்டமில்லை. எந்தப் பகுதியை எங்கே இணைக்க வேண்டும் என்று லினக்ஸுக்குச் சொல்லும் ‘எஃப்எஸ்டேப்’ கோப்பில், ஒரு பகுதியின் அடையாள எண்ணில் ஒரே ஓர் எழுத்தை மாற்றிப் பாருங்கள். அடுத்த முறை திறக்கும்போது திரையில் ஒரு வரி வந்து நிற்கும். பக்கத்தில் நொடிகள் ஓடும். சேவைகளைத் தொடங்கிவைக்கும் சிஸ்டம்டி வழக்கமாகக் காத்திருக்கும் ஒன்றரை நிமிடம் முடிந்ததும் அவசரநிலைக் கட்டளைத் திரை வரும். பலருக்கும் கை தானாக மின் பொத்தானுக்குப் போகிற நேரம் அதுதான். அங்கே கையைத் தடுத்து, நொடிகள் ஓடிய அந்த வரியை வாய்விட்டு வாசிக்கச் சொல்ல வேண்டும். எந்தப் பகுதிக்காகக் காத்திருந்தேன் என்று கணினியே அதில் எழுதியிருக்கும். மாணவர் அந்த எண்ணை உண்மையான எண்ணோடு ஒப்பிட்டு, மாறிய எழுத்தைத் தானே கண்டுபிடிக்கும்போது முகத்தில் வரும் மலர்ச்சியை எந்த மதிப்பெண்ணும் தராது.

பிழைச் செய்திகள் ஆங்கிலத்தில் வருவதால் தமிழ்வழியில் படித்த பிள்ளைகள் பலர் வாசிக்காமலே மூடிவிடுகிறார்கள். அதனால் வாசித்ததைத் தமிழில் சொல்லவைப்பது பயிற்சியின் பாதி என்பேன். தமிழில் சொல்ல வராது என்பவர்கள் எழுத்தாளர் சுஜாதாவை எடுத்துப் பார்க்கலாம். ஸ்ரீரங்கத்தில் வளர்ந்து, திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் படித்த அவர், கணினியின் உள்ளே நடப்பதை வாரப் பத்திரிகை வாசகர்களுக்குத் தமிழிலேயே புரியவைத்தார்.

ஐ.டி.ஐ.யில் ‘கோபா’ என்ற கணினிப் பிரிவில் படிக்கும் பிள்ளைகளுக்கும் இதற்காகப் புதுக் கருவி எதுவும் வேண்டாம். அந்த விலையில்லா மடிக்கணினி இன்னும் வீட்டுப் பரணில் கிடந்தால், முக்கியக் கோப்புகளை வேறிடத்தில் எடுத்து வைத்துவிட்டு, 446 பைட்டையும் துணிந்து அழித்துப் பார்க்கலாம்.