பரிசும் போட்டியும் – 11: எதிராளிகள் ஏன் கூடுகிறார்கள்?

குறுக்கெழுத்துப் போட்டிகளுக்கு 1955ஆம் ஆண்டுச் சட்டம் கடிவாளம் போட்டது. மாதம் 1,000 ரூபாய்க்கு மேல் பரிசு கூடாது, 2,000 விடைகளுக்கு மேல் வாங்கக் கூடாது. போன வாரம் அதோடு நிறுத்தினோம். இந்த வாரம் பரிசுப் பணத்துக்கான வருமான வரி என்று அறிவித்திருந்தேன். அதற்கு முன்னால் ஒரு கேள்வி குறுக்கே நிற்கிறது, அதைத் தீர்க்காமல் வரிக்குப் போக மனம் வரவில்லை. அமெரிக்காவில் குலுக்கல் பரிசுப் போட்டிகளில் கலந்துகொள்வதையே பொழுதுபோக்காக வைத்திருப்பவர்கள் ஆண்டுக்கு ஒரு முறை, ஒவ்வோர் ஆண்டும் ஒவ்வோர் ஊரில், மாநாடு கூட்டுகிறார்கள். எந்தப் போட்டி எப்போது முடிகிறது, எந்த விதியை எப்படிப் படிக்க வேண்டும் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுக்கிறார்கள். ஒரே பரிசுக்கு ஆசைப்படுகிறவர்கள் தங்கள் எதிராளிக்கே வழிகாட்டுவது ஏன்?

கணக்குப் போட்டுப் பார்த்தால் விடை கிடைத்துவிடுகிறது. ஒரு லட்சம் பேர் கலந்துகொள்ளும் குலுக்கல் ஒன்றை நீங்கள் பத்து நண்பர்களுக்குச் சொல்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் வாய்ப்பு லட்சத்தில் ஒன்றாக இருந்தது, இப்போது 1,00,010இல் ஒன்று. இழப்பு என்று சொல்லவே முடியாத அளவு. பதிலுக்கு அந்தப் பத்துப் பேரும் ஆளுக்கொரு போட்டியைச் சொன்னால் உங்களுக்குப் பத்துப் புதிய வாய்ப்புகள். ஆனால் இந்தக் கணக்கு ஒரு நிபந்தனையின் மேல்தான் நிற்கிறது: கலந்துகொள்ளக் காசு கேட்கக் கூடாது. பரிசு, அதிர்ஷ்டம், கட்டணம் மூன்றும் சேர்ந்தால் அது லாட்டரி. தனியார் லாட்டரி நடத்துவது அமெரிக்கச் சட்டப்படி குற்றம். அதனால் நிறுவனங்கள் கட்டணத்தை விட்டுவிட்டு, பொருள் வாங்காதவரும் ஓர் அட்டையில் பெயர், முகவரி எழுதிப் போட்டால் போதும் என்று விதி வைத்தன. தபால்தலை விலையில் நடக்கும் பொழுதுபோக்கு ஆனதால்தான் கூடிப் பேச ஆள் சேர்ந்தது. பத்துப் போட்டிக்கும் பணம் கட்ட வேண்டியிருந்தால் நண்பர் சொல்லும் ஒவ்வொரு போட்டியும் நமக்கு ஒரு செலவு. அப்போது யாரும் யாருக்கும் சொல்லமாட்டார்கள்.

நம் பக்கத்திலும் இப்படி ஒரு கூட்டம் உண்டு. பீக்கிங் வானொலி என்று பழைய நேயர்கள் சொல்லும் சீன வானொலி, 1963 ஆகஸ்ட் 1 அன்று தமிழ் ஒலிபரப்பைத் தொடங்கியது. அது நடத்திய பொது அறிவுப் போட்டிகளில் சிறப்புப் பரிசு சீனப் பயணம். சிற்றலையில் இரைச்சலுக்கு நடுவே கேட்டு, நேரம், அலைவரிசை, ஒலித் தெளிவு எல்லாம் குறித்து எழுதினால் கேட்டதை உறுதிசெய்யும் வண்ண அட்டை வரும். போட்டிக் கேள்விக்கு விடை எழுதினால் பரிசும் வரலாம். இந்த நேயர்கள் ஊருக்கு ஊர் மன்றம் வைத்தார்கள், தமிழக ஊர்களில் கருத்தரங்கு கூட்டினார்கள். விக்கிரமங்கலம் மாதிரி ஒரு சிற்றூரில் இருப்பவருக்கும் சென்னையில் இருப்பவருக்கும் அங்கே ஒரே தகுதி: காது கொடுத்துக் கேட்டு, கடிதம் எழுதியவர். அமெரிக்க மாநாட்டைவிட இதை நான் ஒரு படி மேலே வைக்கிறேன், ஏனென்றால் இங்கே பரிசுக்கு முன்னால் ஒலிபரப்பாகும் ஒரு கட்டுரையையாவது கவனமாகக் கேட்டாக வேண்டும்.

தபால் செலவில் நடக்கும் போட்டி என்றால் ‘சுரபி’யைச் சொல்லாமல் போக முடியாது. தூர்தர்ஷனில் சித்தார்த் காக், ரேணுகா ஷஹானே நடத்திய நிகழ்ச்சி. வாரம் ஒரு கேள்வி கேட்பார்கள், நாடே அஞ்சலட்டையில் விடை எழுதிப் போடும். அப்போது அட்டை விலை 15 காசு. ஒரே வாரத்தில் 14 லட்சத்துக்கும் மேல் கடிதங்கள் வந்து குவிந்தன. சாக்குச் சாக்காக அட்டைகள். ஒவ்வொன்றையும் முத்திரை குத்தி, பிரித்து, ரயிலேற்றி, கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். அஞ்சலட்டை அரசு நஷ்டத்தில் விற்கும் பொருள். ஏழை வீட்டுச் செய்தி போய்ச் சேர வேண்டும் என்பதற்காக அந்த விலை. போட்டிக்காரர்களின் வெள்ளத்தை அந்த விலையில் தாங்க முடியாமல் ‘போட்டி அஞ்சலட்டை’ என்று தனி அட்டையே கொண்டுவந்தது அஞ்சல் துறை. முதலில் 2 ரூபாய், பிறகு 10 ரூபாய். சாதாரண அட்டை 50 காசு என்றிருக்கும்போது போட்டி அட்டை அதைப் போல இருபது மடங்கு! துறையின் நஷ்டக் கணக்கு நியாயமானது, மறுக்கவில்லை. ஆனால் விளைவைப் பாருங்கள். பரிசுப் போட்டியை எளியவருக்குத் திறந்துவைத்திருந்த ஒரே கதவு அந்த அட்டை. பத்து ரூபாய் கொடுத்து எழுதுகிறவர் வாரம் ஒன்று எழுதுவார், பத்து எழுதமாட்டார். பக்கத்து வீட்டாரையும் எழுதச் சொல்லமாட்டார்.

இந்தப் போட்டிகளெல்லாம் சூதாட்டத்துக்கு நாகரிகப் பூச்சு என்று அஞ்சுபவர்கள் உண்டு. அந்த அச்சத்தில் நியாயம் இருக்கிறது. விக்கிரமங்கலம் மளிகைக் கடையில் தொங்கும் பிஸ்கட் பாக்கெட்டில் பரிசு விளம்பரம் இருந்தால், ஓரத்து நட்சத்திரக் குறியைத் தேடிப் படியுங்கள். தமிழ்நாட்டில் வசிப்போருக்குப் பொருந்தாது என்று பொடி எழுத்தில் இருக்கும். காரணம் 1979ஆம் ஆண்டுத் தமிழ்நாடு பரிசுத் திட்டங்கள் தடைச் சட்டம். பொருள் வாங்கியவர்களில் குலுக்கிப் பரிசு கொடுப்பதை அது தடுக்கிறது. அந்தச் சட்டம் வேண்டும் என்றே சொல்வேன். பரிசு ஆசை காட்டித் தேவையில்லாத பொருளை வாங்கவைப்பதும், கட்டணத்தை மறைத்து வசூலிப்பதும் ஒன்றுதான். ‘கோன் பனேகா குரோர்பதி’ என்ற தொலைக்காட்சி வினாடி வினாவின் எஸ்எம்எஸ் போட்டியில் ஒரு செய்திக்கு 2 ரூபாய் 40 காசு வாங்கினார்கள். 2008இல் தேசிய நுகர்வோர் ஆணையம் இது முறையற்ற வணிகம் என்று, நடத்தியவர்களை ஒரு கோடி ரூபாய் கட்டச் சொன்னது. பரிசுப் பணம் அந்த வசூலிலிருந்து போனதற்குச் சான்று இல்லை என்று 2019இல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. சட்டப்படி தீர்ப்பு சரியாக இருக்கலாம். ஆனால் அந்த எஸ்எம்எஸ் அனுப்பியவர்கள் எந்த ஊரிலும் மன்றம் கூட்டியதாக நான் அறியவில்லை. தனித்தனியாகப் பணம் கட்டியவர்கள், தனித்தனியாகவே தோற்றார்கள்.

இன்று கட்டணமே இல்லாத போட்டிகள் கைபேசியில் கொட்டிக்கிடக்கின்றனவே என்றால், அங்கே நம் கைபேசி எண்தான் கட்டணம். இலவசம் என்ற ஒன்றை மட்டும் வைத்து ஒரு போட்டியை நல்லது என்று சொல்லிவிட முடியாது. முடிவை எல்லோரும் பார்க்கும்படி வெளியிடுகிறதா என்பதையும் பார்க்க வேண்டும். பரிசுத் திட்டத்தின் இறுதி முடிவைக் கலந்துகொண்டவர்களுக்குத் தெரிவிக்காமல் விடுவது 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். போட்டியில் கலந்துகொண்ட ஒவ்வொருவருக்கும் அந்த உரிமை உண்டு, கேட்பவர்கள்தான் குறைவு. விடை அனுப்பியிருந்தால் முடிவைக் கேட்டு ஒரு கடிதமும் எழுதுங்கள். வரி விவகாரம் அடுத்த வாரம்.