பாட்டன் நெஞ்சில் தூசி. பேரன் கையில் எக்ஸ்ரே!

கோலார் தங்க வயலில் சுரங்கத் தொழிலாளிக்குப் "படம் எடுப்பது" என்றால் சினிமாப் படம் அல்ல, நெஞ்சுப் படம்!

1880-ல் ஜான் டெய்லர் கம்பெனி சுரங்க வேலையைத் தொடங்கிய பிறகு வட ஆற்காடு, சேலம் பக்கத்துத் தமிழர்கள் குடும்பம் குடும்பமாக இங்கு வந்தார்கள். சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோ மீட்டருக்கும் அதிக ஆழம் போனது. பாறையைத் துளைக்கும்போது பறந்த தூசி நுரையீரலில் தங்கித் தழும்பாயிற்று. அதுதான் சிலிக்கோசிஸ் நோய். 1940-களில் நடந்த பரிசோதனையில் நூற்றுக்கு 43.7 பேருக்கு இந்த நோய் இருந்தது.

வெளியே தெரியாத தழும்பை எக்ஸ்ரே காட்டிக் கொடுத்தது. நஷ்ட ஈடு கேட்ட தொழிலாளிக்கு அந்தப் படமே முக்கிய சாட்சி.

மூடிய சுரங்கம்

2001 பிப்ரவரி 28-ல் சுரங்கம் மூடப்பட்டது. அதன் பிறகு மாரிக்குப்பம் ரெயிலில் தினமும் பெங்களூர் போய் வருவதே பலருக்குப் பிழைப்பு. பிள்ளைகளை என்ன படிக்க வைப்பது என்று யோசிக்கும் பெற்றோருக்கு, எக்ஸ்ரே, ஸ்கேன் படிப்பு ஒரு நல்ல வழி.

பன்னிரண்டாம் வகுப்பில் விஞ்ஞானப் பாடம் எடுத்தவர்கள் இதில் சேரலாம். டிப்ளமோவும் உண்டு, பி.எஸ்சி. பட்டமும் உண்டு. வேலையில் சேர்ந்ததும் கதிர்வீச்சை அளக்கும் பட்டையைச் சட்டையில் அணிய வேண்டும். ஆண்டுக்குச் சராசரி 20 மில்லி சீவர்ட்டுக்கு மேல் கதிர்வீச்சு படக்கூடாது என்பது விதி. பட்டையை மேஜையில் கழற்றி வைத்துவிட்டு வேலை செய்தால் நஷ்டம் தொழிலாளிக்கே!

கடல் தாண்டும் முன்

வெளிநாட்டு ஆசை உள்ளவர்கள் முதலிலேயே கணக்குப் போட வேண்டும். பிரிட்டனில் "ரேடியோகிராபர்" என்ற பெயரையே சட்டம் காக்கிறது. எச்.சி.பி.சி. என்ற அமைப்பில் பதிவு செய்யாதவர் அந்தப் பெயரில் வேலை பார்க்க முடியாது. அங்கு இந்தத் தொழிலுக்குப் பட்டப் படிப்பே வாசல். இங்கு படித்தது அதற்கு ஈடாகுமா என்று பாடம் பாடமாக ஒப்பிடுவார்கள். ஆங்கிலத் தேர்வும் உண்டு. வளைகுடா நாடுகளிலும் உரிமம் வாங்க வேண்டும். சான்றிதழ் உண்மையா என்று படித்த இடத்திலேயே விசாரிப்பார்கள்.

ஆகவே, "இரண்டே வருஷம், நேரே லண்டன்" என்று ஆசை காட்டுபவரிடம் பணம் கட்டுமுன் மூன்று கேள்விகள் கேட்க வேண்டும். படிப்புக்கு அரசு அங்கீகாரம் உண்டா? பெரிய ஆஸ்பத்திரியில் பயிற்சி உண்டா? போகப் போகும் நாடு இந்தச் சான்றிதழை ஏற்குமா? பதிலை எழுத்தில் வாங்க வேண்டும்.

பாட்டன் ஊரை விட்டு வந்தபோது ஆள் சேர்த்த மேஸ்திரி சொன்னதே வேதவாக்கு. தூசி நோய் பற்றி அவருக்கு யாரும் சொல்லவில்லை. பேரன் விதிகளைத் தானே படித்துப் பார்த்துவிட்டுப் புறப்படலாம்.