முதலைகளோடு குடித்தனம் நடத்திய அப்பா

1992 ஜூன் 4-ம் தேதி, அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் ஸ்டீவ் இர்வினுக்கும் டெரிக்கும் கல்யாணம். தேனிலவுக்கு மாப்பிள்ளை பெண்ணை அழைத்துப் போனது ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து ஆறுகளுக்கு. முதலை பிடிக்க! கேமராவும் கூடவே போனது. அங்கே எடுத்த காட்சிகள்தான் ‘தி க்ரோக்கடைல் ஹன்டர்’ தொடரின் முதல் பகுதியாக வந்தன.

காக்கிச் சட்டை, காக்கி அரைக்கால் டவுசர், நெற்றியில் விழும் செம்பட்டை முடி, நிமிடத்துக்கொரு ‘க்ரைக்கி!’ கூச்சல். அனிமல் பிளானட் சேனல் எட்டிய வீடுகளில் அந்த முகத்தை மறந்தவர்கள் குறைவு. நூறுக்கும் மேற்பட்ட நாடுகளில் ஓடிய தொடர் அது. விஷப் பாம்பின் வாலைப் பிடித்துக்கொண்டு, “என்ன அழகு பாருங்கள்!” என்கிற தொனியில் ஒரு மனிதன் பூரித்துப் பேசுவதை உலகம் அதற்கு முன் பார்த்ததில்லை.

அந்தப் பூரிப்பு பிறந்த வீட்டுச் சீதனம். தந்தை பாப், பிளம்பர் வேலை பார்த்தவர். ஊர்வனவற்றின் மேல் தீராத காதல். தாய் லின், பேறுகால செவிலியர்; அனாதையான கங்காரு, கோவாலா குட்டிகளுக்கும் அவர்தான் தாய். ஸ்டீவின் ஆறாவது பிறந்தநாளுக்கு வந்த பரிசு, ஏறக்குறைய 12 அடி நீள மலைப்பாம்பு. 1970-ல் மெல்போர்னை விட்டுக் குயின்ஸ்லாந்தின் பீர்வாவுக்குக் குடிபெயர்ந்து, சிறிய ஊர்வனப் பூங்கா ஒன்றைத் தொடங்கினார்கள். ஒன்பது வயதில், அப்பா பக்கத்தில் இருக்க, ஸ்டீவ் தன் முதல் முதலையைப் பிடித்தார். பர்டெகின் ஆற்றில் அப்பாவும் மகனும் கண்ட புதுவகை ஆமைக்கு இன்று அறிவியல் பெயரே ‘எல்சியா இர்வினி’.

முதலை பிடிப்பதை அவர் வீரதீரத்துக்காகச் செய்யவில்லை. 1980-களில் மாநில அரசின் முதலை மேலாண்மைத் திட்டத்தில் தன்னார்வலராகச் சேர்ந்து, மாதக்கணக்கில் சதுப்புக் காடுகளில் கிடந்தார். மனிதர்கள் நடமாடும் இடத்துக்கு வந்துவிட்ட முதலை பிடிபடாவிட்டால், அடுத்து அதற்குத் துப்பாக்கிதான். அதற்குள் முந்திக்கொண்டு வலை விரித்து, கண்ணைக் கட்டி, படகில் ஏற்றி, பத்திரமான இடத்தில் சேர்ப்பார். பாண்டாவையும் டால்ஃபினையும் நேசிக்க யாரும் கற்றுத்தர வேண்டாம். பாம்பு, முதலை, சிலந்தி என எல்லோரும் வெறுக்கும் உயிர்களுக்காக வாதாட வந்தவர் இவர். அந்த வாதத்தை உபதேசமாகச் செய்யாமல் குதூகலமாகச் செய்ததால்தான் குழந்தைகள் அவர் பின்னால் போனார்கள்.

1998-ல் பிறந்த மகளுக்கு அவர் வைத்த பெயர் பிண்டி சூ. பிண்டி, அவருக்குப் பிடித்த முதலையின் பெயர். சூ, அவருடைய நாய் சூயியின் பெயரிலிருந்து வந்தது. மனைவி, மகள், பிறகு மகன் ராபர்ட் என வீடே பூங்காவுக்குள்தான். அதில் ஒரு சம்பவம் மட்டும் இன்றும் உறுத்துகிறது. 2004 ஜனவரியில், பிறந்து ஒரு மாதமே ஆன ராபர்ட்டை ஒரு கையில் ஏந்திக்கொண்டு, மறுகையால் 3.8 மீட்டர் முதலைக்குக் கோழி போட்டார். உலகம் கொதித்தது. குழந்தைக்கு ஆபத்தே இருக்கவில்லை என்று அவர் விளக்கினார். அந்தக் காட்சியைப் பார்த்தால் இப்போதும் வயிற்றைப் பிசைகிறது. கண்டித்தவர்கள் பக்கம்தான் நியாயம் என்பேன். ஆனால் பாம்பைப் பரிசாகப் பெற்று வளர்ந்த பிள்ளைக்கு, அது தன் குடும்ப வழக்கத்தின் தொடர்ச்சியாகவே தெரிந்திருக்கும்.

2000-ல் தாய் லின் கார் விபத்தில் இறந்தார். அந்தத் துக்கத்திலிருந்து பிறந்ததுதான் வனவிலங்கு மருத்துவமனை. அவகாடோ பழங்களைப் பெட்டியில் அடைக்கும் பழைய கொட்டகை ஒன்றில் 2004-ல் அது தொடங்கியது.

2006 செப்டம்பர் 4. போர்ட் டக்ளஸ் அருகே, பேட் பவளத்திட்டு. கடலின் கொடிய உயிர்கள் பற்றிய படப்பிடிப்பு மோசமான வானிலையால் நின்றுபோயிருந்தது. சும்மா இருக்க முடியாதவர், மகள் பிண்டியின் நிகழ்ச்சிக்குச் சில காட்சிகள் எடுக்கலாம் என்று ஆழமில்லாத நீரில் இறங்கினார். திருக்கை மீனின் முள் மார்பில் பாய்ந்தது. வயது 44. மகளுக்கு எட்டு, மகனுக்கு மூன்றுகூட நிரம்பவில்லை.

அரசு மரியாதையுடன் இறுதிச் சடங்கு செய்ய அரசு முன்வந்தது. தன் மகன் சாதாரண மனிதனாக நினைக்கப்படவே விரும்புவான் என்று தந்தை சொல்ல, குடும்பம் அதை மறுத்துவிட்டது. அடுத்த சில நாட்களில் குயின்ஸ்லாந்து கரைகளில் வால் வெட்டப்பட்ட திருக்கைகள் செத்துக் கிடந்தன; யாரோ பழிதீர்த்திருப்பார்கள் என்ற சந்தேகம் எழுந்தது. ஸ்டீவை இதைவிட மோசமாகப் புரிந்துகொள்ள முடியாது. செப்டம்பர் 20-ல், பூங்காவில் முதலைக் காட்சி நடக்கும் அரங்கில், ஐயாயிரம் பேருக்கு முன்னால் நின்று பிண்டி அப்பாவைப் பற்றிப் பேசினாள்.

டெரி மறுமணம் செய்துகொள்ளவில்லை. பிண்டியும் ராபர்ட்டும் அதே பூங்காவில் பணிபுரிகிறார்கள். லின் நினைவாக எழுந்த மருத்துவமனையில் இதுவரை ஒரு லட்சத்துக்கும் அதிகமான விலங்குகளும் பறவைகளும் சிகிச்சை பெற்றிருக்கின்றன. கேப் யார்க் பகுதியில் ஸ்டீவ் பெயரால் 1,35,000 ஹெக்டேர் காடு காக்கப்படுகிறது. அங்கே ஓடும் வென்லாக் ஆற்றுக்குக் குடும்பம் இன்றும் ஆராய்ச்சியாளர்களோடு போய், ஸ்டீவ் பிடித்த அதே முறையில் முதலைகளைப் பிடித்து, கண்காணிப்புக் கருவி பொருத்தி, மீண்டும் ஆற்றிலேயே விடுகிறது.