வலி நின்றதா, பை உடைந்ததா?

சேதராப்பட்டுத் தொழிற்பேட்டையில் வேலை பார்க்கும் ஒருவருக்கு, இராச் சாப்பாட்டுக்குப் பின் வலது விலாவின் கீழே வலி காண்கிறது என்று வைத்துக்கொள்வோம். வீட்டார் ‘வாயு’ என்கிறார்கள். ஓமத்திரவமும் பெருங்காயமும் உள்ளே போகின்றன. மறுநாள் ஜுரம். மூன்றாம் நாள் காலையில் வலி திடீரென்று தணிகிறது. “பார்த்தாயா, ஓமத்தின் மகிமையை!” என்று பாட்டி பூரிக்கிறாள். நாம் அஞ்ச வேண்டிய வேளை அதுதான்.

கல்லீரலின் அடியில் ஒட்டியிருக்கும் சிறிய பை பித்தப்பை. அதன் வாயைக் கல் ஒன்று அடைத்துக்கொண்டால் பை வீங்குகிறது. உள்ளழுத்தம் ஏறிச் சுவரின் இரத்தவோட்டம் தடைபடுகிறது. சுவர் அழுகி ஓட்டை விழுகிறது. இரத்தம் குறைவாய்ப் பாயும் அடிநுனியிலேயே பெரும்பாலும் உடையும். உடைந்ததும் அழுத்தம் இறங்குவதால் வலி சற்றுத் தணியலாம். பிறகு பித்தநீர் வயிறெங்கும் பரவி, வயிறு பலகைபோல் இறுகும், நாடி விரையும். நீரிழிவுள்ளவர்களுக்கும் முதியவர்களுக்கும் வலியே மங்கலாயிருப்பதுண்டு. கல்லே இல்லாமல் டைபாய்டு ஜுரத்திலும் அபூர்வமாய்ப் பை உடைவதுண்டு.

1934-ல் நீமையர் என்பவர் இதை மூவகையாய்ப் பிரித்தார்: பித்தம் வயிற்றுக்குள் தாராளமாய்ச் சிந்துவது, பையைச் சுற்றிச் சீழ் கட்டுவது, நாட்பட்டுக் குடலோடு துளை கூடிவிடுவது. அல்ட்ராசவுண்டு கல்லையும் வீக்கத்தையும் காட்டும். சுவரின் ஓட்டையைக் காட்டுவதில் சி.டி. ஸ்கேன் மேலானது. இரண்டையும் ஏமாற்றி, வயிற்றைத் திறந்த பின்பே வெளிப்படும் உடைப்புகளும் உண்டு.

பித்தம் சிந்திவிட்டால் தாமதமின்றிப் பையை அகற்றி, வயிற்றைக் கழுவ வேண்டும். நரம்பு வழியே திரவமும் கிருமிக்கொல்லி மருந்தும் அவசியம். சீழ் கட்டியிருந்து, நோயாளி சஸ்திர சிகிச்சையைத் தாங்கமாட்டாரென்றால், குழாய் செருகிச் சீழை வடித்து, பிற்பாடு பையை எடுப்பதுண்டு.

பித்தப்பையை முதன்முதலில் அகற்றியவர் பெர்லினில் லாங்கன்புக், ஆண்டு 1882. சிறு துளைகள் வழியே அகற்றும் முறை 1980-களில் ஜெர்மனியிலும் பிரான்ஸிலும் தோன்றியது. 1990-லேயே பம்பாய் ஜே.ஜே. ஆஸ்பத்திரியில் டாக்டர் உத்வாடியா அதைச் செய்துகாட்டினார். மேனாட்டுக்கு நாம் வெகுவாய்ப் பின்தங்கிவிடவில்லை என்பதில் நமக்குப் பெருமைதான்.

புதுவையில் 1823-ல் பிரெஞ்சுக்காரர் தொடங்கிய மருத்துவப் பள்ளியின் வழிவந்த ஜிப்மர், கோரிமேட்டில் இருக்கிறது. சேதராப்பட்டிலிருந்து தொலைவில்லை, தொலைவாக்குவது ‘நாளைக்குப் பார்ப்போம்’ என்ற சொல்லே. வலி எப்பொழுது தொடங்கிற்று, எப்பொழுது நின்றது என்பதை மறவாமல் டாக்டரிடம் சொல்லுங்கள். வழியில் ஒரு வாய்க் காப்பிகூடக் கொடுக்க வேண்டாம்; மயக்கமருந்து கொடுக்க நேர்ந்தால் வெறும் வயிறே நல்லது.