பிளாஸ்டிக் பெட்டிக்குள் ஒரு தீர்ப்பு

மார்கன் டாலர் என்று அமெரிக்கர்கள் கொண்டாடும் வெள்ளிக் காசுகளில், 1893-ஆம் ஆண்டு சான்ஃபிரான்சிஸ்கோ நாணயச்சாலையில் அடித்தவை ஒரே ஒரு லட்சம்தான். புழக்கத்துக்காக அடித்த மார்கன் டாலர்களில் இவ்வளவு குறைந்த எண்ணிக்கை வேறெந்த ஆண்டிலும், வேறெந்த ஊரிலும் இல்லை. பின்பக்கத்தில் கழுகுக்குக் கீழே உள்ள பொடி ‘எஸ்’ எழுத்துதான் அந்தக் காசின் ஊர்ப்பெயர். அதே ஆண்டில் பிலடெல்ஃபியாவில் அடித்த காசில் அந்த எழுத்து இருக்காது. விலையும் பல மடங்கு குறைவு. பிறகென்ன? பிலடெல்ஃபியா காசில் ஓர் ‘எஸ்’ஸை ஒட்டவைத்து விற்பவர்கள் கிளம்பிவிட்டார்கள்.

விவரம் தெரிந்தவர்கள் காசைக் கையில் வாங்கியதும் முன்பக்கத்தைத் திருப்புவார்கள். சுதந்திர தேவியின் தலைப்பட்டையில் ‘லிபர்ட்டி’ என்ற சொல் இருக்கிறது. அதில் ‘டி’ எழுத்தின் உச்சியில் மெல்லிய, மேடான ஒரு கோடு ஓடுகிறதா என்று லென்ஸ் வைத்துப் பார்ப்பார்கள். புழக்கத்துக்கு வந்த அந்த ஒரு லட்சம் காசுகளின் முன்பக்கமும் ஒரே அச்சில் அடிக்கப்பட்டது. அச்சில் விழுந்த கீறல் காசில் கோடாக எழுந்திருக்கிறது. ‘எஸ்’ஸை ஒட்டலாம், இந்தக் கோட்டை உண்டாக்குவது எளிதல்ல.

காசை ஆராய்ந்து, தர எண் குறித்து, பிளாஸ்டிக் பெட்டியில் மூடித் தரும் தரச்சான்று நிறுவனத்துக்குப் பணம் கட்டும்போது நாம் முதன்மையாக வாங்குவது இந்தக் கண்ணைத்தான். பெட்டியின் மேல் அச்சாகும் எண்ணுக்கு அடுத்த இடம்தான் என்பது என் உறுதியான எண்ணம். ஆனால் சந்தையோ எண்ணைச் சுற்றித்தான் ஓடுகிறது.

அந்த எண்ணின் கதை 1949-இல் தொடங்குகிறது. வில்லியம் ஷெல்டன் என்பவர் அமெரிக்காவின் ஆரம்பகாலச் செம்பு சென்ட் காசுகளைப் பற்றி எழுதிய நூலில் 1 முதல் 70 வரை ஓர் அளவுகோலை வகுத்தார். அடையாளம் மட்டும் தெரியும்படி தேய்ந்துபோனது 1. குறையே இல்லாதது 70. அறுபதும் அதற்கு மேலும் புழக்கத்துக்கே போகாத காசுகளுக்கு. ஒருவகைச் செம்புக் காசுக்கென்று போட்ட கணக்கு பின்னாளில் எல்லாக் காசுக்கும் பொதுவாகிவிட்டது.

1970-களிலும் 1980-களின் தொடக்கத்திலும் தரம் என்பது பெரும்பாலும் விற்பவர் வாய்ச்சொல்தான். வாங்கும்போது ‘கொஞ்சம் தேய்ந்தது’ என்பவரே விற்கும்போது ‘புத்தம் புதியது’ என்பார். 1986-இல் பி.சி.ஜி.எஸ்., 1987-இல் என்.ஜி.சி. என இரு நிறுவனங்கள் வந்த பிறகே நிலைமை மாறியது. காசு யாருடையது என்று தெரியாமல் பல மதிப்பீட்டாளர்கள் பார்ப்பது, தரத்தை எழுதி பிளாஸ்டிக் பெட்டியில் வைத்து மூடுவது, தவறு என்று தெரிந்தால் ஈடு கொடுப்பது என்ற முறை அப்போதுதான் நிலைபெற்றது. அந்தப் பெட்டியைத்தான் சேகரிப்பாளர்கள் ‘ஸ்லாப்’ என்கிறார்கள்.

ஓர் எண் எவ்வளவு பணம் பேசும் என்பதற்கு 1884-ஆம் ஆண்டின் சான்ஃபிரான்சிஸ்கோ மார்கன் டாலர் நல்ல சாட்சி. தேய்ந்த நிலையில் அது எளிதாகக் கிடைக்கும் காசு. புழங்காத நிலையில் அபூர்வம். 58 என்றால் ஒரு விலை. அறுபதைத் தாண்டினால் விலை பல ஆயிரம் டாலர் எகிறும். இத்தனைக்கும் கன்னத்திலும் காதுக்கு மேலிருக்கும் முடியிலும் லேசான தேய்மானம் உண்டா இல்லையா என்பதுதான் வித்தியாசம். அது மனிதர்கள் பார்த்துச் சொல்வது. ‘இம்மி பிசகாத புறவயமான தரம்’ என்ற தோரணையில் விளம்பரம் செய்ததற்காக 1990-இல் அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையம் பி.சி.ஜி.எஸ். மீது நடவடிக்கை எடுத்து, உடன்பாட்டில் முடித்தது. இன்றும் ஸ்லாப்பை உடைத்துக் காசை வெளியே எடுத்து, கூடுதல் எண் கிடைக்கும்வரை திரும்பத் திரும்ப அனுப்பும் வியாபாரிகள் உண்டு. என்.ஜி.சி.யைத் தொடங்கிய ஜான் அல்பனீஸே 2007-இல் சி.ஏ.சி. என்ற அமைப்பை நிறுவினார். ஸ்லாப்புக்குள் இருக்கும் காசு அந்த எண்ணுக்கு முழுத் தகுதியுடையதா என்று மறுபடி பார்த்துப் பச்சை ஸ்டிக்கர் ஒட்டுவது அதன் வேலை. தீர்ப்புக்கு மேல் ஒரு தீர்ப்பு தேவைப்பட்டிருக்கிறது!

எந்த நிறுவனத்திடம் போவது? அமெரிக்கக் காசை விற்கும் எண்ணம் இருந்தால் பி.சி.ஜி.எஸ்., என்.ஜி.சி. இரண்டில் ஒன்றுதான். அவற்றின் ஸ்லாப்பை வியாபாரி மறுபேச்சின்றி எடுத்துக்கொள்வார். பெயர் தெரியாத நிறுவனத்தின் 67-க்கு யாரும் 67-இன் விலை தரமாட்டார்கள். தரம் சொல்பவரே காசு வாங்கி விற்பவராகவும் இருந்தால் ஒதுங்கிவிடுங்கள். தவறு நேர்ந்தால் என்ன ஈடு என்பதை எழுத்தில் தராதவரிடமும் போக வேண்டாம். நாணயச்சாலை அண்மையில் வெளியிட்ட நினைவுக் காசுகளை ‘70’ வாங்குவதற்காக அனுப்புவது வீண் செலவு. நவீன எந்திரத்திலிருந்து வருபவை பெரும்பாலும் குறையின்றித்தான் வருகின்றன.

ஸ்லாப்பையே போலியாகச் செய்கிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். சான்று எண்ணை நிறுவனத்தின் தளத்தில் தட்டிப் பார்ப்பது முதல் படி. போலியில் உண்மையான எண்ணையே அச்சடித்திருப்பார்கள். ஆகவே தளத்தில் காசின் படம் இருந்தால், கீறலுக்குக் கீறல், கறைக்குக் கறை ஒப்பிடுவதுதான் காப்பு.

நம் வீடுகளில் இருக்கும் பழைய வெள்ளி ரூபாய்க்கு வருகிறேன். அதற்கு முதல் எதிரி நம் அன்புதான். விபூதி, பல்பொடி, புளி எனக் கையில் கிடைத்ததைப் போட்டுத் தேய்த்துப் பளபளக்க வைத்துவிடுகிறோம். அச்சின் அழுத்தத்தில் உலோகம் நகரும்போது காசின் மேல் கண்ணுக்குத் தெரியாத நுண்கோடுகள் உண்டாகின்றன. புதுக் காசைச் சாய்த்தால் சுழலும் அந்த ஒளி அவற்றிலிருந்து வருவது. ஒருமுறை தேய்த்தால் அவை போய்விடும், மீட்க வழியில்லை. கறுத்த வெள்ளியை மதிப்பீட்டாளர் விரும்பிப் பார்ப்பார். தேய்த்துக் கழுவியதற்கு எண்ணே கொடுக்காமல் ‘சுத்தம் செய்யப்பட்டது’ என்று எழுதித் திருப்பி அனுப்புவார்.

1818 என்று போட்டு ராமர் பட்டாபிஷேகம் பொறித்த ‘கிழக்கிந்தியக் கம்பெனி அணா’ வைத்திருப்பவர்கள் கட்டணம் கட்டவே வேண்டாம். கம்பெனி அப்படி ஒரு காசு அடித்ததில்லை. அதற்குப் பல லட்சம் தருவதாக வரும் அழைப்புகளையும் நம்ப வேண்டாம். பழைய காசு, நோட்டுகளின் பெயரில் நடக்கும் மோசடி பற்றி ரிசர்வ் வங்கியே 2021-இல் எச்சரித்தது.

உண்மையான அபூர்வங்களும் உண்டு. ஐந்தாம் ஜார்ஜின் 1911 ரூபாயில், மன்னரின் அங்கியிலிருந்த யானை பன்றி போலத் தெரிகிறது என்று எதிர்ப்புக் கிளம்ப, 1912-இல் உருவத்தைத் திருத்தினார்கள். அந்தப் ‘பன்றி ரூபாய்’ தேடப்படும் காசு. ஆனால் அதை அமெரிக்காவுக்கு அனுப்பிச் சான்று வாங்க நினைக்காதீர்கள். 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி நூறு ஆண்டு கடந்த காசு தொல்பொருள். தனிநபர் அதை நாட்டுக்கு வெளியே அனுப்பக் கூடாது. ‘சான்று வாங்கியதும் திரும்பி வந்துவிடும்’ என்ற சமாதானம் எடுபடாது. வெளியே கொண்டுபோவதே சட்டப்படி ஏற்றுமதி. தண்டனை ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை. வெளிநாட்டுக்கு அனுப்பலாம் என்று யோசனை சொல்லும் இடைத்தரகர்கள் இதைச் சொல்வதில்லை.

ஆறாம் ஜார்ஜின் 1939 வெள்ளி ரூபாய்க்கு இந்தத் தடை இன்னும் வரவில்லை. அபூர்வமானது, அதனாலேயே போலி மலிந்தது. கடைசி 8-ஐச் செதுக்கி 9 ஆக்குவது பழைய தந்திரம். அப்படி ஒன்று கிடைத்தால் முதலில் நகைக்கடைத் தராசில் நிறுத்துப் பாருங்கள். தேயாத காசு 11.66 கிராம் இருக்க வேண்டும். பத்து மடங்கு லென்ஸில் அந்த 9-ஐச் சுற்றியுள்ள பரப்பைப் பாருங்கள். சுரண்டிய தடம் இருந்தால் அங்கேயே நிறுத்திவிடலாம். இல்லையென்றால் இருபக்கமும் விளிம்பும் தெளிவாகத் தெரியும்படி படமெடுத்து வைத்துக்கொண்டு, கட்டணம், கூரியர், காப்பீடு, சுங்கம் எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்துவிட்டு அனுப்புங்கள்.